அப்பாவின் பெமிற் காணியும் அம்மாவின் உறுதிக்காணியும்

கேள்வி: கிளிநொச்சி மாவட்டம் தர்மபுரத்தில் வசிக்கிறேன். அப்பாவுக்கு 1976 இல் இங்கே இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி பெமிற்றில் கிடைத்தது. 2009 இடப்பெயர்வில் அப்பா இறந்துவிட்டார். மனிக் பாம் முகாமிலிருந்து திரும்பிய பின்னர் நானும் அம்மாவும் அதே காணியில் குடியிருந்தோம். இந்திய வீட்டுத்திட்டத்தில் அம்மாவின் பெயருக்கு வீடும் கிடைத்தது. 2023 நவம்பரில் அம்மாவும் காலமாகிவிட்டார். பெமிற்றின் மூலப்பிரதி போரில் தொலைந்துவிட்டது. ஒளிப்படப் பிரதி ஒன்றுதான் இருக்கிறது, அதை இத்துடன் அனுப்புகிறேன். அண்ணா கனடாவில் இருக்கிறார், அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர். தங்கை திருமணமாகி வவுனியாவில் இருக்கிறாள். அப்பா காணியை அண்ணாவின் பெயருக்கு எழுதி வைத்ததாக அம்மா சொல்லுவார். 2003 இல் அப்பா அரை ஏக்கரை ஒருவருக்கு முத்திரை ஒட்டிய கடதாசியில் எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கியிருக்கிறார். அவர் இப்போது அதில் வீடு கட்டியிருக்கிறார். இதைவிட, அம்மாவுக்கு முள்ளியவளையில் ஆறு பரப்பு சீதனக் காணி இருக்கிறது. 1971 ஆம் ஆண்டு உறுதி, அதுவும் கையில் இல்லை. அதைப் பார்த்துக்கொள்ளும்படி அம்மா தன் தம்பியிடம் சொல்லியிருந்தார். இப்போது மாமா, "பத்து வருடம் கடந்துவிட்டது, இனி இது என்னுடையது" என்கிறார். தரகர் ஒருவர் மூன்று இலட்சம் ரூபா கொடுத்தால் இரண்டு காணிக்கும் என் பெயரில் உறுதி முடித்துத் தருவதாகச் சொல்கிறார். அண்ணாவோடு பகைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

சகோதரி, முதலில் அந்தத் தரகரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே முற்பணம் ஏதும் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். இனி எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்க வேண்டாம்.

தர்மபுரத்துக் காணிக்கு உங்கள் பெயரில் எந்த நொத்தாரிசாலும் செல்லுபடியாகும் உறுதி எழுத முடியாது. ஏனென்றால் அது இன்னும் அரச காணி. அத்தகைய காணியைச் சட்டத்துக்கு மாறாகக் கைமாற்றும் ஆவணத்தை நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தக் கூடாது என்று சட்டமே தடுத்திருக்கிறது. அப்படியானால் தரகர் எதை எழுதித் தருவார்? பெரும்பாலும் ஒரு பிரகடன உறுதியாக இருக்கும். "இக்காணியை நான் நீண்ட காலமாக ஆண்டு அனுபவித்து வருகிறேன், ஆகவே இது எனது" என்று நீங்களே உங்களைப் பற்றி அறிவித்துக்கொள்ளும் ஆவணம் அது. முத்திரை இருக்கும், இலக்கம் இருக்கும், பார்வைக்கு உறுதி போலவே இருக்கும். அரசுக்கு எதிராக அதற்கு எந்த வலுவும் கிடையாது. வன்னியில் இப்படியான கடதாசிகளுக்கு நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை முதலிலேயே கடுமையாகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு காணிகள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். அண்ணாவும் மாமாவும் தரகரும் அப்படித்தான் பேசுகிறார்கள் போலிருக்கிறது. ஆனால் ஒன்றுக்குப் பொருந்தும் சட்டம் மற்றதற்குப் பொருந்தாது. யார் வாரிசு, விற்கலாமா, பத்து வருட ஆட்சி செல்லுமா, எந்தக் கந்தோருக்குப் போவது என்ற எல்லாக் கேள்விகளுக்கும் தர்மபுரத்துக்கு ஒரு பதில், முள்ளியவளைக்கு வேறொரு பதில்.

தர்மபுரத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீடும் வாழ்வும் அங்கேதான் இருக்கின்றன.

பெமிற் என்று நாம் சொல்வது 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் அனுமதிப்பத்திரம். வட்டக்கச்சி, தர்மபுரம், விசுவமடு என்று வன்னியின் குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும்பகுதி இந்தச் சட்டத்தின் கீழ்தான் கொடுக்கப்பட்டது. அனுமதிப்பத்திரம் உங்கள் அப்பாவைக் காணியின் முழுச் சொந்தக்காரர் ஆக்கவில்லை. நிபந்தனைகளோடு குடியிருக்கவும் பயிர் செய்யவும் அவருக்கு உரிமை கொடுத்தது. நிபந்தனைகளை நிறைவேற்றியவருக்கு அடுத்த படியாக அளிப்புப் பத்திரம் கிடைக்கும். சுவர்ணபூமி, ஜயபூமி என்ற பெயர்களில் சனாதிபதியின் கையெழுத்தோடு வந்தவை இவையே. அளிப்பு என்பது அனுமதிப்பத்திரத்தைவிட வலுவான உரித்து. ஆனால் அதிலும் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் காணியை விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ முடியாது. 2024 இல் 'உறுமய' என்ற பெயரில் இத்தகைய காணிகளுக்கு நிபந்தனையற்ற முழு உரித்துக் கொடுக்கும் திட்டம் தொடங்கியபோது, தங்கள் பெமிற் தானாகவே உறுதியாக மாறிவிட்டதாகப் பலர் நினைத்துக்கொண்டார்கள். அப்படி எதுவும் தானாக மாறுவதில்லை. உங்கள் கையில் எந்தப் பத்திரம் இருக்கிறதோ அதுவே உங்கள் நிலை.

நீங்கள் அனுப்பிய பிரதியைப் பார்த்தேன். 1976 ஆம் ஆண்டுத் திகதியும் அப்பாவின் பெயரும் தெளிவாக இருக்கின்றன. துண்டு இலக்கமும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறது. அனுமதிப்பத்திர இலக்கத்தின் கடைசி எண் மட்டும் மடிப்பில் அழிந்துபோயிருக்கிறது. அது 3 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். ஊகித்து எழுதாதீர்கள். விண்ணப்பத்தில் பிழையான இலக்கம் விழுந்தால் வேறொருவரின் கோப்பைத் தேடிக் காலம் போகும். துண்டு இலக்கத்தை வைத்துத் தேடும்படி கேளுங்கள்.

அந்தப் பிரதியைவிட உங்களுக்கு முக்கியமானது பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் இருக்கும் பேரேடு. ஒவ்வொரு துண்டுக்கும் யாருக்கு வழங்கப்பட்டது, எப்போது, பின்னுரித்தாளராக, அதாவது அவருக்குப் பின் காணியைப் பெற வேண்டியவராக, யார் பெயர் பதியப்பட்டது என்ற விபரங்கள் அதில் இருக்கும். அப்பா அண்ணாவின் பெயருக்கு 'எழுதி வைத்தார்' என்று அம்மா சொன்னது பெரும்பாலும் இந்தப் பின்னுரித்தாளர் நியமனமாகத்தான் இருக்க வேண்டும். அதை அம்மாவின் வாய்ச்சொல்லில் இருந்து முடிவு செய்ய முடியாது. நியமனம் முறைப்படி எழுதப்பட்டு, அப்பா உயிரோடு இருக்கும்போதே பதிவும் செய்யப்பட்டிருந்தால்தான் செல்லும். வீட்டில் எழுதி அலமாரியில் வைத்த கடிதம் நியமனம் ஆகாது.

பேரேடு உங்கள் பிரதேச செயலகத்தில் கிடைக்காவிட்டால் மனம் தளராதீர்கள். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984 இல்தான். 1976 இல் உங்கள் காணி யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது. ஆகவே பழைய கோப்பு யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இருக்க வாய்ப்பு உண்டு. மாகாணக் காணி ஆணையாளர் திணைக்களத்திலும் கேளுங்கள். "வாருங்கள், பார்ப்போம்" என்று வாய்மொழியாக அலைக்கழித்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் விண்ணப்பியுங்கள். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கிறார். கொடுக்கலாமா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் உங்களுக்குச் சொல்ல வேண்டும். காரணத்தை நீங்கள் விளக்க வேண்டியதில்லை. துண்டு இலக்கம், அப்பாவின் பெயர், கேட்கும் ஆவணம் என்பவை போதும். விண்ணப்பத்தை ஏற்றதற்கான எழுத்துச் சான்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

இனி, அப்பாவுக்குப் பிறகு காணி யாரிடம் வந்தது? இந்தச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணிக்கு நாட்டின் வேறு எந்த வாரிசுரிமைச் சட்டமும் பொருந்தாது, வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையும் பொருந்தாது. ஆகவே "மூன்று பிள்ளைகள், மூன்று பங்கு" என்ற கணக்கு இங்கே எடுபடாது. அப்பா இறந்ததும், பின்னுரித்தாளராக யார் பெயர் இருந்தாலும், முதலில் உரிமை அம்மாவுக்கே வந்தது. அவர் அந்தக் காணியில் குடியிருந்தபடியால் அதில் சிக்கல் இல்லை. மீள்குடியேற்றத்தின் பின்னர் அம்மாவின் பெயரில் புதிய அனுமதிப்பத்திரம் ஏதும் வழங்கப்பட்டதா என்பதையும் பேரேட்டில் பாருங்கள். வழங்கப்பட்டிருந்தால் அதிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும். அப்பாவின் பழைய நியமனத்தின் நிலையும் மாறக்கூடும்.

அப்படி எதுவும் வழங்கப்படவில்லை, அண்ணாவின் பெயர் நியமனத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அம்மா இறந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் அவர் காணியை ஆட்சிக்கு எடுத்திருக்க வேண்டும். எடுக்காத நியமனம் பயனற்றுப் போகும் என்பது சட்டம். 2023 நவம்பரில் அம்மா இறந்தார், 2024 மே மாதத்துடன் அந்தக் காலம் முடிந்தது. அண்ணா வரவில்லை. நியமனம் பயனற்றுப் போனாலோ, ஆரம்பத்திலேயே நியமனம் இல்லாவிட்டாலோ, சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள உறவினர் வரிசைப்படி உரிமை இறங்கும். பல தசாப்தங்களாக அந்த வரிசையில் ஆண் மக்கள் முன்னுக்கும் பெண் மக்கள் பின்னுக்கும் இருந்தார்கள். காணியில் கிணறு வெட்டி, தென்னை வைத்து, பெற்றோரைப் பராமரித்த மகள் இருக்க, எங்கோ இருந்த மகனுக்குக் காணி போன குடும்பங்கள் இந்த மண்ணில் ஏராளம். 2022 இல் வந்த திருத்தச் சட்டம் அந்த ஆண், பெண் பாகுபாட்டை நீக்கியது. உங்கள் அம்மா இறந்தது அதற்குப் பிறகு. விண்ணப்பத்தில் இதை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். பழைய வரிசையை மனப்பாடமாக வைத்திருக்கும் உத்தியோகத்தர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இவ்வளவும் உங்கள் பக்கம் இருந்தாலும், அண்ணாவின் சம்மதம் எழுத்தில் இருந்தால் பாதை மிகவும் இலகுவாகும். தங்கையின் சம்மதமும் வேண்டும். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

வீட்டைப் பற்றி ஒரு சொல். இந்திய வீட்டுத்திட்டத்தில் வந்த ஐந்தரை இலட்சம் ரூபாவும், அம்மாவின் பெயரில் வரும் மின் பட்டியலும், வாக்காளர் இடாப்பும், கிராம அலுவலரின் வதிவிடச் சான்றும் நீங்கள் அங்கே குடியிருக்கிறீர்கள் என்பதற்குச் சாட்சி. அவை உரித்தாகாது. ஆனால் உங்கள் விண்ணப்பத்துக்கு இந்தச் சாட்சி உயிர்நாடி. வீட்டுத்திட்டப் பயனாளிக் கடிதம் உட்பட எல்லாவற்றையும் ஒரே கோவையில் போட்டு வையுங்கள்.

அப்பாவின் மரணச் சான்றிதழ் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அது இல்லாமல் எதுவும் நகராது. 2009 இல் இறந்தவர்களின் மரணத்தைப் பதியாமல் விட்ட குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த நாட்களைத் திரும்ப நினைக்க முடியாமல் விட்டவர்களே அதிகம். உங்களிடமும் இல்லையென்றால், இறப்பை நேரில் கண்ட ஒருவரின் சத்தியக்கடதாசியோடு பிரதேச செயலகத்தின் பதிவாளர் கிளைக்குப் போங்கள்.

இப்போது அந்த அரை ஏக்கர். இதுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த பகுதி.

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அசையாச் சொத்தை விற்கும் ஆவணம் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு, எல்லோரும் ஒரே நேரத்தில் இருந்து கையெழுத்திட்டதாக இருக்க வேண்டும். முத்திரை ஒட்டிய கடதாசி, கிராமத்துப் பெரியவர் சாட்சி வைத்த கடதாசி, சமாதான நீதவான் முன்னிலையில் எழுதிய கடதாசி எதுவும் விற்பனை ஆகாது. போதாததற்கு, பெமிற் காணியை விற்கும் உரிமையே அப்பாவுக்கு இருக்கவில்லை. ஆக, 2003 ஆம் ஆண்டுக் கடதாசி சட்டத்தின் கண்ணில் இரண்டு முறை வெற்றுக் கடதாசி. அன்றைய வன்னியில் விடுதலைப் புலிகளின் நிர்வாகம் கொடுத்த காணிக் கடதாசிகளை வைத்திருப்பவர்களின் நிலையும் இதுவே. அரசுக்கு எதிராகப் பத்து வருட ஆட்சியை வைத்து உரித்துக் கோரவும் முடியாது என்பதால், வாங்கியவருக்கு அந்த வழியும் இல்லை.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே அவர் வேலியைப் பிடுங்கப் போக வேண்டாம். அவர் பணம் கொடுத்திருக்கிறார். அந்தப் பணம் உங்கள் குடும்பத்துக்கு எதற்கோ உதவியிருக்கிறது. அந்த நாட்களில் வன்னியில் பெரும்பாலானோர் இப்படித்தான் எழுதி வாங்கினார்கள். இன்னொன்றும் இருக்கிறது. அனுமதிப்பத்திரக் காணியைக் கைமாற்றுவது நிபந்தனை மீறல். நிபந்தனை மீறப்பட்டால் அறிவித்தல் கொடுத்து விசாரித்து அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்ய அதிகாரம் உண்டு. நீங்கள் கோபத்தில் போடும் ஒரு முறைப்பாடு உங்கள் ஒன்றரை ஏக்கரையும் விசாரணைக்குள் இழுக்கலாம். உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. பிரதேச செயலாளர் கேட்டால் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன் அந்த மனிதரோடு உட்கார்ந்து பேசுங்கள். மீள்குடியேற்றத்தின் பின்னர் வடக்கு, கிழக்கின் அரச காணிப் பிணக்குகளைத் தீர்ப்பதற்காகக் காணி ஆணையாளர் நாயகம் 2013 ஜனவரியில் 2013/01 இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டார். கோரிக்கைகளை விசாரித்துத் தீர்ப்பது அதன் நோக்கம். அதை அடியொற்றி, உங்கள் துண்டிலிருந்து அரை ஏக்கரை அளந்து பிரித்து அவருடைய பெயரில் தனி அனுமதிப்பத்திரம் வழங்க முடியுமா என்று இருவரும் சேர்ந்து பிரதேச செயலாளரிடம் கேட்கலாம். உட்பிரிப்புக்கு ஆகக் குறைந்த அளவு விதிக்கப்பட்டிருந்தால் அது தடையாகவும் வரலாம்; அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். இரண்டு பக்கமும் சண்டையோடு போய் நிற்கும் கோப்பைவிட, இணக்கத்தோடு போகும் கோப்பு விரைவாக நகரும் என்பதை என் தொழிலில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

முள்ளியவளைக்கு வருவோம்.

இது தனியார் காணி, உறுதிக்காணி. இங்கே பிரதேச செயலாளருக்குப் பெரிய வேலை இல்லை. நொத்தாரிசு, காணிப் பதிவகம், மாவட்ட நீதிமன்றம் என்பவையே உங்கள் இடங்கள். இந்தக் காணிக்குத் தேசவழமை முழுமையாகப் பொருந்தும். தேசவழமை யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மட்டும் உரியது என்று வன்னியில் சிலர் நினைக்கிறார்கள். வட மாகாணத்தை நிரந்தர வதிவிடமாகக் கொண்ட தமிழர்களுக்கு அது பொருந்தும். முல்லைத்தீவும் கிளிநொச்சியும் அதற்குள் அடங்கும்.

உறுதி தொலைந்தால் காணி போய்விடாது. ஓர் உறுதி எழுதப்படும்போது மூலப்பிரதி உரியவரிடம் போகும். ஒரு பிரதி நொத்தாரிசின் கோவையில் இருக்கும். இன்னொன்றை அவர் அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆகவே இரண்டு இடங்களில் தேடலாம். 1971 இல் முல்லைத்தீவு என்ற மாவட்டமே இல்லை. அது 1978 இல் உருவானது. முள்ளியவளை அப்போது வவுனியா மாவட்டத்தில் இருந்தது. முல்லைத்தீவுப் பதிவகத்தில் "போரில் அழிந்துவிட்டது" என்று சொன்னால் அத்தோடு திரும்பிவிடாமல் வவுனியாவிலும் தேடுங்கள். உறுதி இலக்கம் தெரியாவிட்டால் அம்மாவின் தகப்பன் பெயர், அம்மாவின் கன்னிப் பெயர், நொத்தாரிசின் பெயர், திருமண ஆண்டு என்பவற்றை எழுதிக்கொண்டு போங்கள். சீதன உறுதி பெரும்பாலும் திருமணத்தை ஒட்டியே எழுதப்பட்டிருக்கும். அயற்காணிக்காரரின் உறுதிகளையும் ஒருமுறை பாருங்கள். அவற்றின் எல்லை விபரத்தில், "வடக்கு இன்னாருக்குரிய சீதனக் காணி" என்று உங்கள் அம்மாவின் பெயர் இருக்கக்கூடும். நீதிமன்றத்தில் அது நல்ல துணைச்சாட்சி.

உறுதிப் பிரதி கிடைத்ததும் பதிவேட்டின் பிரித்தெடுப்பையும் எடுங்கள். மாமாவோ வேறு யாரோ இடையில் அந்தக் காணிக்கு ஏதாவது ஆவணம் பதிந்திருக்கிறார்களா என்பது அதில் தெரியும். எனக்கு இதில்தான் கவலை. "என்னுடையது" என்று சொல்லத் தொடங்கியவர் அடுத்ததாகப் பிரகடன உறுதி எழுதுவார், அதற்கடுத்ததாக விற்பார்.

மாமா சொல்லும் பத்து வருடக் கதைக்குச் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு அது. ஆனால் பத்து வருடம் காணிக்குள் இருந்தால் போதாது. உரியவரின் உரிமைக்கு எதிராக, அவரை ஏற்றுக்கொள்ளாமல், இடையூறின்றி இருந்திருக்க வேண்டும். "தம்பி, பார்த்துக்கொள்" என்று அக்கா ஒப்படைத்த காணியில் இருந்தவர் அக்காவின் அனுமதியோடு இருந்தவர். அந்த அனுமதியை உதறிவிட்டு எதிராளியாக மாறியதை வெளிப்படையான ஒரு செயலால் அவர் காட்ட வேண்டும். அந்த நாளிலிருந்துதான் பத்து வருடம் ஓடும். தேங்காய் பறித்து அம்மாவுக்கு அனுப்பியது, மகசூலில் பங்கு கொடுத்தது, தொலைபேசியில் "உங்கள் காணி" என்று பேசியது எல்லாம் அவருடைய கதைக்கு எதிரான சாட்சி. அப்படி ஏதாவது கடிதமோ குறுஞ்செய்தியோ இருந்தால் அழித்துவிடாதீர்கள். போர்க்காலத்தைக் காட்டி அவர் வருடங்களைக் கூட்ட முற்பட்டால், 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தை உங்கள் சட்டத்தரணிக்கு நினைவூட்டுங்கள். இடம்பெயர்ந்ததால் உரிமையைக் காக்க முடியாமற்போனவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பத்து வருடக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று கொண்டுவரப்பட்ட சட்டம் அது. வழக்குத் தொடரக் குறுகிய கால எல்லையும் அதில் இருந்ததால், இன்று உங்களுக்கு எவ்வளவு உதவும் என்பதை அவர் பார்த்துச் சொல்வார்.

ஆனாலும் காலம் மாமாவின் பக்கம் ஓட விடாதீர்கள். சட்டத்தரணி ஒருவர் மூலம் இப்போதே பதிவுத்தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். காணி அம்மாவுடையது, அம்மாவின் அனுமதியோடு நீங்கள் பராமரித்தீர்கள், இனி அந்த அனுமதி இல்லை என்று மூன்று வரி போதும். உங்களில் யாரையாவது அவர் புதிதாகக் காணிக்குள் விடாமல் தடுத்தாலோ வேலியை மாற்றினாலோ உடனே பொலிசில் முறையிடுங்கள். நீதவான் நீதிமன்றத்தில் ஆட்சி தொடர்பான விசாரணை வரும்போது, அந்த விடயம் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட நாளுக்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் வெளியேற்றப்பட்டவருக்கே பாதுகாப்புக் கிடைக்கும். தீபாவளிக்கு எல்லோரும் கூடும்போது பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அந்த இரண்டு மாதம் போய்விடும்.

அம்மா மரண சாசனம் எழுதாமல் இறந்திருந்தால் இந்த ஆறு பரப்பும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக வரும். அண்ணா கனடாக் குடிமகன் என்பதால் பங்கு இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைக் கட்டுப்படுத்தும் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம், நெருங்கிய உறவினருக்கு வாரிசுரிமையாக வரும் காணிக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. தங்கையின் விடயத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். திருமணத்தின்போது அவருக்குச் சீதன உறுதி எழுதிக் கொடுக்கப்பட்டதா? சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் மீதிச் சொத்தில் பங்கு கோர முடியாது என்ற பழைய விதி தேசவழமையில் இருக்கிறது. உங்களுக்குச் சீதனம் எழுதப்பட்டிருந்தால் அதே கேள்வி உங்களை நோக்கியும் வரும். என் கருத்தைக் கேட்டால், மூவரும் இணக்கமாக இருக்கும்போது அந்த விதியைத் தேடி எடுத்து ஒருவரை ஒதுக்காதீர்கள். ஒதுக்கப்பட்ட தங்கை நாளை மாமாவின் பக்கம் சாட்சி சொல்ல நேரலாம். அதைவிட, அவள் உங்கள் தங்கை.

பங்கை யாராவது விற்க நினைத்தால் மற்ற இரண்டு பேருக்கும் முதலில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பங்காளிகளுக்குக் கொடுத்த முன்வாங்கும் உரிமை அது. திருமணமான பெண்கள் தங்கள் பங்கைக் கைமாற்றக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்ற 1911 ஆம் ஆண்டு விதியும் இன்னும் இருக்கிறது. கணவர் காணாமற்போன பெண்கள் பலர் இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். கணவர் இருக்குமிடம் தெரியாதவர் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அந்தச் சம்மதத்தை நீதிமன்றத்திடமிருந்து பெறலாம்.

முள்ளியவளை வேலையை ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்று நினைப்பீர்கள். 2025 மார்ச் 28 ஆம் திகதிய வர்த்தமானி அறிவித்தல் ஒன்று வடக்கின் நான்கு மாவட்டங்களில் 5,940 ஏக்கர் காணியைக் குறித்து, மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்று சொன்னது. முல்லைத்தீவும் அதில் இருந்தது. எதிர்ப்பும் வழக்கும் எழுந்த பின்னர் அது மீளப்பெறப்பட்டது. உறுதியைத் தொலைத்த குடும்பங்களும் உரியவர்கள் புலம்பெயர்ந்த குடும்பங்களும் அந்த மூன்று மாதத்தில் என்ன பாடுபட்டன என்பது எனக்குத் தெரியும். உறுதிப் பிரதியை எடுத்து வைக்க நெருக்கடி வரும்வரை காத்திருக்காதீர்கள்.

கடைசியாக அண்ணா. அவரிடம் இரண்டு தனித்தனி ஆவணங்கள் கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் எந்தக் கந்தோரும் ஏற்காது.

தர்மபுரத்துக் காணிக்கு, பின்னுரித்தைத் தாம் ஏற்கவில்லை, அது உங்களுக்கு வருவதில் ஆட்சேபனை இல்லை என்று கூறும் சத்தியக்கடதாசி. பேரேட்டின் பிரதி உங்கள் கைக்கு வந்த பிறகு, அதில் உள்ள துண்டு இலக்கத்தையும் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் அப்படியே எடுத்து எழுதுங்கள். ஒட்டாவாவிலுள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்திலோ ரொறன்ரோவிலுள்ள துணைத் தூதரகத்திலோ அவர் அதில் கையெழுத்திடலாம். தங்கை வவுனியாவில் சமாதான நீதவான் முன்னிலையில் அதே விதமாகக் கையெழுத்திட்டால் போதும்.

முள்ளியவளைக்கு வேண்டியது அற்றோணித் தத்துவம். மாமாவுக்கு எதிராக வழக்குப் போடவும், பின்னர் மூவரும் பாகப்பிரிவினை உறுதி எழுதவும் அண்ணாவுக்காகக் கையெழுத்திட ஒருவர் இங்கே வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். ஆனால் "எல்லாச் சொத்துகளையும் விற்கவும்" என்று அகலமாக எழுதாமல், ஆறு பரப்பையும் அட்டவணையில் விபரித்து, வழக்குக்கும் பாகப்பிரிவினைக்கும் மட்டும் என்று எல்லை போட்டு எழுதுவியுங்கள். அப்படி எழுதிய தத்துவத்தில் அண்ணாவும் அச்சமின்றிக் கையெழுத்து வைப்பார். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளிநொச்சி நிலையத்துக்கு அம்மாவின் மரணச் சான்றிதழோடும் இந்தக் கோவையோடும் போங்கள். வருமான விபரம் கேட்பார்கள். அண்ணாவுக்குத் தபாலில் எதையும் மூலப்பிரதியாக அனுப்ப வேண்டாம். அந்த ஒளிப்படப் பிரதியும் இப்போதைக்கு உங்களுக்கு மூலப்பிரதிதான்.